இம்பூறல் மண்

கார்த்திகை மழை விட்டதும் பழவேற்காட்டு மணல்மேட்டில் குனிந்து தேடினால் அந்தச் செடி கிடைக்கும். ஒரு சாண் உயர்ந்தாலே அதிகம். மெல்லிய இலை, கடுகளவு வெள்ளைப் பூ. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வெறும் பூண்டு. பிடுங்கினால் செடியைவிட வேர் பெரிதாக இருக்கும். மணலுக்குள் ஈரம் தேடி நேராக இறங்கியிருக்கும். காய்ந்த வேரின் தோலை நகத்தால் கீறினால் மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு நிறம் விரலில் ஒட்டும்.

இங்குள்ள எங்கள் கோட்டைக்குப்பத்தில் அதற்கு இம்பூறல் என்று பெயர். சின்ன வயதில் எனக்கு இரைப்பு உண்டு. பனிக்காலம் முழுக்க இருமுவேன். என் ஆயா அந்த இலையை நிழலில் காயவைத்து இடித்து, அரிசி மாவில் பிசைந்து அடை தட்டிக் கொடுப்பாள். "மார்ச்சளிக்கு இதுக்கு மேல மருந்து ஏதுடி, மென்னு முழுங்கு" என்பாள். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் செய்ததையே, சென்னைப் படையில் மருத்துவராக இருந்த வில்லியம் எயின்ஸ்லி 1826இல் வெளியான தன் நூலில் எழுதி வைத்திருக்கிறார்: இந்த இலையை மாவோடு சேர்த்து அடையாக்கி ஈளைக்காரர்களும் இரைப்புக்காரர்களும் உண்கிறார்கள் என்று. இருமலில் ரத்தம் வருபவர்களுக்குச் சித்த வைத்தியர்கள் தேடும் மூலிகையும் இதுதான்.

இதன் வேருக்குச் சாயவேர் என்று இன்னொரு பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய சிவப்புத் துணிகளில் பெரும்பகுதிக்கு நிறம் தந்தது இந்த வேர். இலை மருந்து, வேர் வண்ணம், இரண்டையும் கொடுப்பது உழாத, உரமிடாத கடலோர மணல்.

நான் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக ஜப்பானியத் திரை ஓவியங்களைத் தேடியபோது ஓகாட்டா கோரின் வரைந்த பிளம் மரங்களைக் கண்டேன். இடப்பக்கம் வெள்ளைப் பூ, வலப்பக்கம் சிவப்புப் பூ, நடுவில் சுழித்து ஓடும் கறுத்த ஆறு. அந்த ஓவியம் அடாமி நகரத்தின் மோவா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் யாருடைய சேகரிப்பிலிருந்து பிறந்தது என்று படிக்கப் போனபோதுதான் மொகிச்சி ஒகாடாவை அறிந்தேன். வேளாண்மை, நோய் நீக்கம், கலை மூன்றும் ஒரே வேலை என்று சொன்ன மனிதர். படித்தவுடன் எனக்கு நினைவு வந்தது இம்பூறல்தான்.

ஒகாடா 1882இல் தோக்கியோவின் அசகுசா பகுதியில், பழைய பொருள் விற்கும் ஏழை வீட்டில் பிறந்தார். ஓவியனாகும் ஆசையில் நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தவர், கண் நோயால் படிப்பை விட்டார். அடுத்து நுரையீரல் கெட்டது. காசம் என்றார்கள். காய்கறி உணவுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டதாக அவரே பிற்காலத்தில் சொன்னார். பெண்களுக்கான அணிகலன் வியாபாரத்தில் செல்வம் சேர்த்தார். 1919இல் மனைவியை இழந்தார், மறு ஆண்டு வந்த பொருளாதாரச் சரிவில் தொழிலையும் இழந்தார். அந்தத் துக்கத்தில் ஓமோத்தோ என்ற புதிய சமயத்துக்குப் போனார். 1934இல் அதிலிருந்து விலகி, 1935இல் தன் சொந்த இயக்கத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அதன் பெயர் செக்காய் கியூசேய் கியோ, அதாவது உலக மீட்புச் சமயம். 1955இல் காலமானார்.

அவருடைய வழி மூன்று கிளைகளாக ஓடுகிறது. முதலாவது ஜோரே: உள்ளங்கையை உயர்த்தி, அதன் வழியே இறை ஒளியை இன்னொருவர் உடலுக்குள் செலுத்தி, சேர்ந்திருக்கும் அழுக்கைக் கரைப்பது. இரண்டாவது இயற்கை வேளாண்மை. 1930களிலேயே, ரசாயன உரம் வேண்டாம் என்றவர் அதோடு நிற்கவில்லை. சாண எருவும் மனிதக் கழிவும்கூட மண்ணைக் கெடுக்கும் என்றார். சருகும் புல்லும் மட்கினால் போதும், மீதி மண்ணின் சொந்த வல்லமை. அன்றைய ஜப்பானில் இது எவ்வளவு பெரிய எதிர்ப்பேச்சு என்பது, அங்கே காய்ந்த மத்தி மீனையும் ஹெர்ரிங் மீனையும் கப்பல் கப்பலாக வயலுக்கு ஏற்றி வந்த வரலாறு தெரிந்தவர்களுக்குப் புரியும். மூன்றாவது கலை. அழகான ஒன்றைப் பார்ப்பதே மனிதனைத் தூய்மையாக்கும், ஆகவே அது பணக்காரர் பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கக் கூடாது என்று நம்பினார். போருக்குப் பின் பழைய குடும்பங்கள் தங்கள் பொக்கிஷங்களை விற்றபோது வாங்கிச் சேர்த்து, 1952இல் ஹக்கோனேயில் எல்லோரும் வந்து பார்க்க ஓர் அருங்காட்சியகம் திறந்தார்.

கை உயர்த்தினால் காசம் தீரும் என்பதை நான் ஏற்கவில்லை. என் தம்பிக்குக் காசம் வந்தபோது அவனைக் காப்பாற்றியது அரசு மருத்துவமனையில் ஆறு மாதம் விடாமல் கொடுத்த மாத்திரை. ஆயாவின் அடையையும் சேர்த்தே சொல்கிறேன். அது மார்ச்சளிக்கு இதம், காசத்துக்கு மருந்தல்ல. ஆனால் நிலத்தையும் உடம்பையும் அழகையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்ற ஒகாடாவின் அடிப்படை எண்ணம் எனக்குப் பெரியதாகப் படுகிறது. எங்கள் கரையில் அந்த மூன்றும் பல நூற்றாண்டுகள் ஒரே வேரில் பிடித்திருந்தன. அது எப்படி அறுந்தது என்பதையும் இந்தக் கரையிலேயே பார்க்கலாம்.

டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் நிலைகொண்டது 1610இல். விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர் அனுமதி கொடுத்தார். 1612இல் போர்ச்சுகீசியர் வந்து அவர்களின் பண்டசாலையை அழித்தார்கள். மறு ஆண்டு ஜெல்ட்ரியா கோட்டை எழுந்தது. எங்கள் குப்பத்துக்குப் பெயர் தந்த கோட்டை அது. இன்று முட்புதருக்குள் கிடக்கும் மேடும் அகழியும்தான் மிச்சம். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலத்தில் டச்சுக் கம்பெனியின் வியாபாரம் இங்கிருந்தே நிர்வகிக்கப்பட்டது. அவர்களுக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகளின் ஜாதிக்காயும் கிராம்பும். தீவுக்காரர்கள் கேட்டதோ சோழமண்டலத் துணி. வெள்ளி கொடுத்து இங்கே துணி வாங்கி, அதைக் கொடுத்து அங்கே வாசனைப் பொருள் வாங்கினார்கள்.

அந்தத் துணி எப்படிச் சிவந்தது என்பதை நான் காளஹஸ்தியில், கலம்காரி எழுதும் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். காளஹஸ்தியைச் சுற்றி ஓடும் சொர்ணமுகி ஆறு எங்கள் பழவேற்காட்டு ஏரிக்கு வடக்கே போய்க் கடலில் சேர்வது. ஆகவே அது எனக்கு வேற்றூர் இல்லை. முதலில் கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியைக் கடுக்காய்த்தூள் கரைத்த எருமைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து காயவைக்க வேண்டும். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடிக்கும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவாமல் காக்கும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் கரைசல் கறுப்புக்கோட்டுக்கு. சிவப்பு வேண்டிய இடத்தில் மூங்கில் எழுதுகோலால் படிகாரத் தண்ணீரைத் தடவுகிறார்கள். படிகாரத்துக்கு நிறம் கிடையாது, எழுதியது கண்ணுக்குத் தெரிய அதில் கொஞ்சம் வண்ணம் கலந்துகொள்வார்கள். பிறகு துணி முழுவதையும் சாயவேர் கொதிக்கும் பாத்திரத்தில் போட்டுக் கிளறுகிறார்கள்.

வேரின் சாறு துணி முழுக்க ஏறும். ஆனால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும்தான் சிவப்பாகிக் கெட்டியாக நிற்கும். மற்ற இடத்துக் கறையை எடுக்கத் துணியைச் சாணத் தண்ணீரில் நனைத்து, ஆற்று மணலில் விரித்து, வெயில் காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாலைந்து நாளில் தரை வெள்ளையாகும், சிவப்பு இன்னும் ஆழமாகும். நீலம் வேண்டுமானால் மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். இந்த முறைகளை 1742இல் கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தன் நாட்டுக்கு விரிவாகக் கடிதம் எழுதித் தெரிவித்தார். மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. ஐரோப்பா அதை வைத்துத் தானும் செய்து பார்த்தது.

இதில் மண்ணின் பங்கு ஒன்று உண்டு. வேரில் இருக்கும் அலிசரின் என்ற நிறப்பொருள் படிகாரத்தோடும் சுண்ணாம்போடும் சேரும்போதுதான் நல்ல சிவப்பு வருகிறது. கிளிஞ்சல் நொறுங்கிக் கலந்த மணலில் விளைந்த வேருக்குச் சாயக்காரர்கள் அதிக மதிப்புக் கொடுத்தது இதனால்தான். எங்கள் ஏரியின் அடியில் பழைய கிளிஞ்சல் படுகைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்காக அவற்றை அள்ளியும் விற்றார்கள். மணலை உரம் போட்டு மாற்றாதே, அதற்குள் இருப்பதை நம்பு என்ற ஒகாடாவின் பேச்சு, சாயவேரைப் பொறுத்தவரை அப்படியே பொருந்துகிறது.

டச்சுக்காரர்கள் ஜப்பானுக்கும் போனார்கள். 1609இல் ஹிராடோவில் பண்டசாலை, 1641 முதல் நாகசாகியின் தெஜிமா தீவு. சோழமண்டலத் துணி அங்கே போய்ச் சேர்ந்தபோது அதை சரசா என்று அழைத்தார்கள். நம் பெண்கள் இடுப்பில் சுற்றியதை அவர்கள் துண்டு துண்டாக வெட்டி, தேநீர்ச் சடங்கின் கிண்ணத்துக்கும் தேயிலைச் சிமிழுக்கும் பை தைத்தார்கள். ஒரு சாண் துணி கிடைத்தாலும் பொக்கிஷம். பீவா ஏரிக்கரையில் ஹிக்கோனேயை ஆண்ட இஈ குடும்பம் சேர்த்து வைத்த 450 துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. ஹிக்கோனே இருக்கும் அதே சிகா மாநிலத்தில்தான், ஒகாடா வழியில் வந்த ஷின்ஜி ஷுமெய்காய் என்ற அமைப்பு 1997இல் மலைக்குள் மிஹோ அருங்காட்சியகத்தைக் கட்டியது. கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய். அந்த அமைப்பும் உரமில்லா வேளாண்மை, ஜோரே, கலை என்ற மூன்றையும் இன்றுவரை கடைப்பிடிக்கிறது. தேநீர் அறையில் ஒரு சிவப்புப் பையைக் கையில் எடுத்து அழகால் மனம் நிறைந்தவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பைத் தோண்டி எடுத்தவர்களைப் பற்றி ஒகாடாவின் தத்துவத்தில் ஒரு சொல்லும் எனக்குக் கிடைக்கவில்லை.

சாயவேர் தோண்டுவது இடுப்பொடியும் வேலை. வேர் நூல்போல மெல்லியது. ஒரு தொட்டிக்கு வேண்டியதைச் சேர்க்க மணல்மேடு முழுக்கக் குத்திப் புரட்ட வேண்டும். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அதைத் தோண்டுவதற்கென்றே ஒரு சாதியை வைத்து, தோண்டுவதை அவர்கள் பிறப்புக் கடமையாக்கி, வேர் முழுவதையும் டச்சுக் கம்பெனி தானே எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த பிரிட்டிஷார் அதைக் குத்தகை வருமானமாகத் தொடர்ந்தார்கள். வேர் யார் கையில் போகிறது, எந்த விலைக்கு என்பதில் தோண்டியவருக்குப் பேச்சே இல்லை. பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் போகவில்லை என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் பஞ்சங்களிலும் போர்களிலும் பசியால் தங்களையே விற்றுக்கொண்டவர்களையும் பிடித்து வரப்பட்டவர்களையும் இதே துறையிலிருந்து ஜாவாவின் படேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றினார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் வியாபாரிகளின் பெயரும் குலச்சின்னமும் அழகாகச் செதுக்கிய கற்கள் இருக்கின்றன; தொல்லியல் துறை காக்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் அந்தக் கல்வேலையை வரையச் சொல்வேன். வரைந்து முடித்ததும், கல் வைக்கப்படாதவர்களைப் பற்றியும் சொல்வேன்.

1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் அலிசரினை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். மறு ஆண்டே அது தொழிற்சாலைச் சரக்கானது. அதே நிறப்பொருள், மூட்டையில், தோண்டாமல், மலிவாக. சில பத்தாண்டுகளில் சாயவேருக்குச் சந்தை போயிற்று. மசூலிப்பட்டினத்து அச்சுத்துணிக்கு இன்றும் ஆலை அலிசரின்தான் போகிறது. வேர் தோண்டும் கட்டாயம் ஒழிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதோடு, எந்த மணலில் எந்த வயது வேர் நல்லது என்ற அறிவும் பெரும்பாலும் போனது.

நிறம் எங்கள் குப்பத்திலிருந்து வெளியேறியதை நானே பார்த்திருக்கிறேன். என் நைனா, அதாவது அப்பா, இளவயதில் பயன்படுத்தியது பருத்தி நூல் வலை. உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமலிருக்க மரப்பட்டையைக் கொதிக்கவைத்து அந்தச் சாற்றில் வலையை முக்கி எடுப்பார்கள். தெருவே துவர்ப்பு வாசனை அடிக்கும், வெயிலில் விரித்த வலை செங்காவியாக மின்னும். நைலான் வந்ததும் பட்டை, பாத்திரம், வாசனை எல்லாம் போயின.

ஒகாடாவின் எண்ணம் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த விதமும் சொல்லத் தக்கது. ஒகினாவாவின் ரியூக்யூ பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர் தெருவோ ஹிகா, 1980களில் நுண்ணுயிர்களைச் சேர்த்து ஒரு கரைசல் உருவாக்கினார். ஒகாடாவின் சமயம் நடத்திய இயற்கை வேளாண்மைப் பணியோடு சேர்ந்தே அது உலகம் சுற்றியது. நம் ஊரில் இ.எம். கரைசல் என்று கேனில் விற்பது அதுதான். மட்கு உரத்துக்கும் குப்பைக்கிடங்குக்கும் தெளிக்கிற பலருக்கு ஒகாடா பெயர் தெரியாது. அவர் சொன்ன அழகும் நோய் நீக்கமும் அந்தக் கேனுக்குள் வரவில்லை. வேளாண்மையில் நமக்கு அதிகம் தெரிந்த ஜப்பானியர் ஒற்றை வைக்கோல் புரட்சி எழுதிய மசனோபு ஃபுகுவோக்கா. அவர் பாதை தனி. நம் ஊர் இயற்கை வேளாண்மையாளர் நம்மாழ்வார் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் உப்பேறிய வயல்களைத் தக்கைப்பூண்டும் மட்கும் கொண்டு மீட்டபோது, மண் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்பதை விவசாயிகளுக்குக் கண்முன் காட்டினார். எந்தச் சமயமும் தேவைப்படாத வேலை அது. இவர்களில் எனக்கு நெருக்கமானவர் அவரே.

இவர்கள் எல்லோரையும் படித்த பிறகும் எனக்கு ஒரு குறை இருந்தது. அதை நிரப்பியது எங்கள் ஏரியில் பாடு பிரித்துக்கொள்ளும் பாட்டு முறை. ஏரியில் இறால் ஓடும் வழிகள் சில. எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே சுத்து வலை கட்டினால் இறாலும் மிஞ்சாது, ஆளும் மிஞ்சமாட்டார். ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்கள் கூடிப் பேசி, சீட்டுப் போட்டு, எந்த இடத்தில் எந்த நாள் யார் என்று முறை வைத்தன. இன்று நல்ல பாடு கிடைத்தவருக்கு நாளை சுமாரான பாடு. இறாலுக்கும் தப்பிப்போக வழி இருந்தது. இதே பெயரில் இதே போன்ற முறை கேரளத்துக் காயலிலும் உண்டு. இலங்கையின் நீர்கொழும்பு ஏரியில் மீனவர்கள் சீட்டுப் போட்டு வலை கட்டியதையும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். நிலம், உடம்பு, அழகு என்ற ஒகாடாவின் மூன்றுக்கு நான்காவதாக நான் வைப்பது இதை: இயற்கை கொடுப்பதை யார், எப்போது, எவ்வளவு எடுக்கலாம் என்று கூடி உட்கார்ந்து முடிவு செய்வது. சாயவேருக்கு இது இல்லாமல் போயிற்று. அதனால்தான் அவ்வளவு அழகான சிவப்பு, தோண்டியவர்களுக்குச் சாபமாக இருந்தது.

பாட்டு முறையையும் நான் கோயில் விக்கிரகமாக்கவில்லை. அதில் பெயர் எழுதப்படுவது தலைக்கட்டுக்கு. தலைக்கட்டு என்றால் பட்டினவர் என்ற மீனவச் சாதி ஆண். நைனாவுக்குப் பிறகு எனக்கு அங்கே இடம் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர் பெண்களுக்கும் கிடையாது. தடவிய இறாலை வாயில் கவ்விய பறியில் போட்டபடி நாள் முழுக்கச் சேற்றில் நகர்வார்கள். பாடு யாருக்கு என்பதில் ஏரியைச் சுற்றிய ஊர்களுக்குள் சண்டையும் வழக்கும் நடந்திருக்கின்றன. முகத்துவாரம் தூர்ந்து, வடசென்னை அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் தெற்கே நெருக்கிய பின், பிரித்துக்கொள்ள இருக்கும் மீனும் குறைந்துவிட்டது.

இப்போது இயற்கைச் சாயத்துக்கு மறுபடியும் மதிப்பு வந்திருக்கிறது. சாயவேர் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். மூலிகைக் கடைக்காரர்களுக்கும் இம்பூறல் வேண்டும். வேரைப் பிடுங்கினால் செடி போயிற்று; விதை உதிர்ந்த பிறகு, இரண்டாம் வருஷத்து வேரை மட்டும் எடுத்தால்தான் மேடு மறுபடி முளைக்கும். இது எல்லா ஊரிலும் யாரோ ஒரு கிழவிக்குத் தெரிந்திருக்கும், போய்க் கேளுங்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கிலோவுக்கு எவ்வளவு என்று வியாபாரியிடம் பேசுவதற்கு முன், எந்த மேட்டில் எந்த வருஷம் யார் தோண்டுவது என்று ஏரிக்குச் செய்தது போலச் சீட்டுப் போடுங்கள். அந்தச் சீட்டில் இருளர் பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள். மணல்மேட்டில் எது எங்கே முளைக்கிறது என்பது நம் எல்லோரையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.